பத்துக்கும் கீழே

தார்ன்ஸியில் சாவதற்கு ஒரு தகுதி வேண்டியிருந்தது. கடல் காற்று வாங்க வந்த இடத்தில் மூச்சு நின்றுபோனவர் தார்ன்ஸியில் செத்தவர் ஆகமாட்டார். அவர் வீடு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில் செத்ததாக எழுதி, அங்கேயுள்ள சுகாதார அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் போட்டுவிடுவார்கள். உடம்பை இங்கேயே புதைத்துக்கொள்ளலாம். அதற்கு யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. நுரையீரல் போனவர்களையும் இதயம் பலவீனமானவர்களையும் டாக்டர்கள் மூட்டை கட்டிக் கடற்கரைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் எல்லாரையும் சேர்த்து எண்ணினால் பார்க்கிறவர்கள் ஊரில் கொள்ளைநோய் என்று நினைப்பார்கள். அதனால் வந்தவர் வேறு, ஊரார் வேறு என்று பிரிப்பது எல்லாக் கடற்கரை ஊர்களிலும் இருந்த விதிதான். தார்ன்ஸி அந்த விதியை மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் மனம்வைத்துக் கடைப்பிடித்தது.

பிரிக்கிற வேலை எட்வின் கார்பட்டுடையது. வயது முப்பத்தொன்று, நகர்மன்றச் சுகாதார அலுவலகத்தின் ஒரே குமாஸ்தா. சுகாதார அதிகாரி டாக்டர் ப்ரௌஸ் ஊருக்கு அரை நாள் உழைத்தார். மீதி அரை நாள் பணக்கார நோயாளிகளுக்கும் கோல்ஃபுக்கும் போனது. ஆகவே ஒன்பது வருஷமாக யார் ஊரார், யார் வந்தவர் என்று முடிவு செய்ததெல்லாம் எட்வின்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் எழுதி அனுப்பிய பிணத்தைத் திருப்பி அனுப்ப எந்த ஊருக்கும் மனசு வராது.

ஒரே ஒரு தடவை திரும்பி வந்தது. மிசஸ் அலியட்டின் விடுதியில் தங்கியிருந்த லீட்ஸ் நகரத்துப் பெரியவர் ஒருவர் சாகும் தறுவாயில் இருந்தார். தன் வீட்டில் யாரும் சாகக்கூடாது என்பது அந்த அம்மாளின் கொள்கை. பெரியவருக்குக் கோட்டு மாட்டி, தொப்பி வைத்து, கையில் செய்தித்தாளைக் கொடுத்து, இரண்டேகால் ரயிலில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துவிட்டு வந்தாள். ஆறு மைல் தள்ளி அடுத்த ஊரான ஆல்டர்பியில் டிக்கெட் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. அவர் தங்கள் எல்லைக்குள் நுழையும்போதே உயிரோடு இல்லை, ஆகவே உங்களவர்தான் என்று ஆல்டர்பி குமாஸ்தா எழுதினான். விசாரிக்கப் போன எட்வினிடம் மிசஸ் அலியட் கொஞ்சமும் அசரவில்லை.

"ஏறும்போது நல்லாத்தான் இருந்தாரு. என்கிட்ட போயிட்டு வரேன்னு சொன்னாரு."

"பேச முடிஞ்சுதா அவரால?"

"கண்ணால சொன்னாரு."

எட்வின் பெரியவரை லீட்ஸ் தலையில் கட்டினான். இந்தக் கதையை வீட்டில் சொல்லி மனைவி செலினாவைச் சிரிக்க வைத்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் அப்போது கல்யாணமான புதிது.

வருஷக் கடைசியில் ஊராரில் செத்தவர்களை மட்டும் கூட்டி, ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால் ஒரு எண் வரும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அலையும் குடையும் வரைந்து, நாட்டின் பாதி ரயில் நிலையங்களில் ஒட்டுவார்கள். 1908-இல் தார்ன்ஸியின் எண் 10.3. ஆல்டர்பியின் எண் 10.1. அந்தப் புள்ளி இரண்டு, சுகாதாரக் குழுத் தலைவர் பிக்கர்டைக்கின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. மனிதருக்குக் கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றும், குழந்தைகளைச் சுமந்துகொண்டு மணலில் நடக்கும் கழுதைகள் முப்பதும் இருந்தன. அடுத்த வருஷம் பத்துக்கும் கீழே போயாக வேண்டும் என்று குழுவில் சொல்லிவிட்டார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் எட்வினைப் பார்த்தார்கள்.

அந்த 1909-ஆம் வருஷம் ஜனவரியில்தான் எட்வினுக்கும் செலினாவுக்கும் ஐடா பிறந்தாள். முதல் பிரசவம் என்பதால் செலினா வெல்பரோவில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்று வாரக் குழந்தையாக ஐடாவை ரயிலில் கொண்டுவந்தார்கள். அதற்குப்பிறகு அவள் தார்ன்ஸியை விட்டு எங்கேயும் போகவில்லை.

அவர்கள் வீடு சூளைச் சந்தில் இருந்தது. சந்தின் பின்புறச் சுவருக்கு அந்தப் பக்கம் பிக்கர்டைக்கின் கழுதைக் கொட்டகை. கொட்டகைக்குப் பக்கத்தில் சாணக் குவியல், ஒரு ஆள் உயரம். அதை அப்புறப்படுத்தவேண்டும் என்ற தீர்மானம் குழுவின் முன்னால் நான்கு வருஷமாக இருந்தது. கோடையில் கழுதைகளுக்கு வேலை அதிகம், சீசன் முடியட்டும் என்பார்கள். சீசன் முடிந்தால் குளிரில் அது நாறவில்லையே என்பார்கள். இரண்டும் உண்மைதான்.

நாலாவது மாசம் மார்பில் கட்டி வந்து செலினாவுக்குப் பால் வற்றிப்போனது. குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுப்பது எப்படி என்று தாய்மார்களுக்கு அலுவலகம் அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை எழுதியவனே எட்வின்தான். நீளக் குழாய் வைத்த புட்டி கூடாது, கொதிக்க வைக்கணும், மூடி வைக்கணும், ஈ உட்காரக்கூடாது. செலினா ஒவ்வொரு வரியையும் வேதமாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்த ஆகஸ்டில் வெயில் கொளுத்தியது, மூன்று வாரம் மழை இல்லை. சூளைச் சந்தின் ஜன்னல் கண்ணாடிகள் ஈக்களால் கறுத்துக் கிடந்தன. மூடி வைத்த பாலின் மேல் இல்லாத ஈ குழந்தையின் வாயில் உட்கார்ந்தது. ஐடாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வயிறு போக ஆரம்பித்தது. வியாழக்கிழமை மத்தியானம் இறந்துபோனாள். ஏழு மாசம் பதினொரு நாள்.

எட்வின் வெள்ளிக்கிழமை அடக்கம் செய்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனான். செலினா அழவில்லை. புட்டியைத் தினமும் கொதிக்க வைத்துக் கவிழ்த்து வைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எட்வின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

மறு ஜனவரியில் கணக்கு முடிக்கிற நாள் வந்தது. பிக்கர்டைக் அலுவலகத்துக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் ப்ரௌஸ் ஜன்னல் அருகே நின்றார்.

"உன் பொண்ணு விஷயத்துல எனக்கு ரொம்ப வருத்தம், கார்பட். மலர்வளையம் அனுப்பினேன்."

"வந்துது, ஐயா."

"நல்லது. கணக்கு எங்க நிக்குது?"

"ஜனத்தொகை ஒம்பதாயிரத்து எண்ணூறு. சாவு தொண்ணூத்தெட்டு. சரியா பத்து, ஐயா."

"சரியா பத்துன்னா, பத்துக்குக் கீழ இல்ல."

"இல்ல, ஐயா."

"ஒண்ணு கொறஞ்சா?"

"ஒம்பது புள்ளி ஒம்பது."

பிக்கர்டைக் கொஞ்ச நேரம் தன் கைத்தடியின் பிடியைத் துடைத்தார். விளம்பரத்தாள்கள் அச்சகத்துக்குப் போய்விட்டன என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"உன் பொண்ணு பொறந்தது வெல்பரோவுலயாமே," என்றார்.

எட்வின் பேனாவைக் கீழே வைத்தான்.

"நான் சொல்லலப்பா. டாக்டர்தான் சொன்னாரு."

டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "விஞ்ஞான முறைப்படி பாத்தா, கார்பட், பிறப்பு ஒரு ஊர்ல பதிவாகி, இறப்ப இன்னொரு ஊர்ல எழுதினா விகிதம் கெட்டுப்போகுது. வெல்பரோவுக்கு ஒரு பிறப்பு லாபம், நமக்கு ஒரு இறப்பு நஷ்டம். அது நியாயமில்ல."

"நீயே எழுதிடு," என்றார் பிக்கர்டைக், எழுந்துகொண்டே. "உன் எழுத்து மாதிரி யாருக்கும் வராது."

எட்வின் எழுதினான். மறுக்க ஒரு காரணம் தேடிப் பார்த்தான். ஒன்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுப் பிணத்துக்கெல்லாம் தான் சொல்லிவந்த காரணத்தையே தன்னிடம் சொல்லும்போது எதைச் சொல்லி மறுப்பது? தவிர, ஐடா வெல்பரோவில் செத்தாள் என்று எழுதியபோது ஒரு நிமிஷம் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. காகிதத்தின்படி அவன் வீட்டில் யாரும் சாகவில்லை. அந்த நிமிஷத்தை நினைத்து அவன் பிற்பாடு ரொம்ப வெட்கப்பட்டான். முகவரிக்கு என்ன எழுதுவது என்று யோசித்து, மாமியார் வீட்டு எண்ணை எழுதி, மை உலர்ந்ததும் மடித்தான். செலினாவிடம் மூச்சு விடவில்லை.

வெல்பரோ நல்ல ஊர். அங்கே சுகாதார இலாகா சுறுசுறுப்பான இலாகா. ஒரு முகவரியில் குழந்தை வயிற்றுப்போக்கால் செத்தது என்று தகவல் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கமாட்டார்கள். பத்து நாளில் செலினாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது.

எட்வின் மாலையில் வீட்டுக்கு வந்தபோது மேஜையில் ரொட்டியும் மீனும் இருந்தன. கடிதமும் இருந்தது. செலினா எதிரே நின்றாள்.

"எங்கம்மா வீட்டுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தானாம்," என்றாள். "வாளி நிறைய சுண்ணாம்பு, கூட ரெண்டு ஆளு. கக்கூஸ் பூரா சுண்ணாம்பு கொட்டி, சாக்கடைக்குள்ள புகை போட்டுப் பாத்தாங்களாம். தெருவே நின்னு வேடிக்கை பாத்துதாம். ஏன்டாப்பான்னு கேட்டா, இந்த வீட்டுல ஒரு கொழந்த செத்துருக்குன்னானாம்."

எட்வின் உட்கார்ந்தான்.

"பேரு கேட்டுருக்காங்க. ஐடா கார்பட்னு படிச்சுக் காட்டினானாம். எங்கம்மா எங்கிட்ட கேட்டு எழுதியிருக்கா. நான் என்ன பதில் எழுதட்டும்? ஐடா எங்க செத்தா, எட்வின்?"

"அது ஒரு விதி, செலினா. பொறந்த ஊருக்கு..."

"நான் விதி கேக்கல. எங்க செத்தா?"

"இங்க."

"இங்கன்னா?"

"மாடியில. உன் மடியில."

செலினா தலையாட்டினாள், அது தனக்கும் நினைவிருக்கிறது என்பதுபோல. பிறகு சொன்னாள்: "அந்தப் பெரியவர ரயில்ல ஏத்தி விட்டாளே ஒருத்தி, அவளப் பத்திச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன. நீயும் அதத்தான் பண்ணியிருக்க. தொப்பி ஒண்ணுதான் வைக்கல."

எட்வினால் மீனைத் தொட முடியவில்லை.

"அவ நம்ம ஊரு. இந்தச் சந்துல பெரம்பு வண்டியில படுத்துக்கிட்டு கழுத கத்தறதக் கேட்டுச் சிரிச்சவ. போயி இறக்கிக் கூட்டிட்டு வா."

மறுநாள் எட்வின் அலுவலகத்தில் சாவுப் பதிவேட்டை எடுத்து ஆகஸ்ட் மாதத்தைத் திறந்தான். ஐடாவின் பெயருக்குப் பக்கத்தில் அவனே எழுதிய 'வந்தவர்'. அதற்கு மேலே அதே சூளைச் சந்து, அதே நோய், அதே இரண்டு வாரம், இன்னும் இரண்டு 'வந்தவர்'. டோரா ஸ்பிங்க், ஐந்து மாசம், தாய் சலவைக்காரி. ஆர்தர் என்ற பையன், ஒன்பது மாசம், தகப்பன் கடற்கரை பேண்டு வாத்தியக் குழுவில் கொம்பு வாசிப்பவன். இரண்டு பேரையும் சீசனுக்கு வந்த குடும்பம் என்று கழித்ததும் எட்வின்தான். விசாரித்ததாக அவனுக்கு நினைவில்லை. சலவைக்காரி, பேண்டுக்காரன் என்றால் சீசன் ஆட்கள்தானே என்று பேனா தானாகவே எழுதியிருந்தது.

அவன் டோராவின் தாய் நோரா ஸ்பிங்கைத் தேடிப் போனான். அவள் பிக்கர்டைக் ஹோட்டலின் பின்கட்டில் முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றாள்.

"எத்தன நாளா இந்த ஊர்ல இருக்கீங்க, மிசஸ் ஸ்பிங்க்?"

"வர்ற வசந்தத்துக்கு அஞ்சு வருஷம். எதுக்கு?"

"சீசனுக்கு மட்டும் வர்றீங்கன்னு..."

"ஓஹோ. அப்போ குளிர்காலத்துல உங்க படுக்கை விரிப்பெல்லாம் யாரு தொவைக்கறாங்க, கடலா?"

எட்வின் குறித்துக்கொண்டான். பேண்டுக்காரன் குடும்பத்தையும் கேட்டான்.

"மூணு குளிர்காலம் எங்க எதிர் வீடு. அந்தப் புள்ள போனப்புறம் அவங்களுக்கு இருப்புக் கொள்ளல, நவம்பர்ல போயிட்டாங்க." நோரா கையைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க மூணாம் நம்பர் வீடுதான? உங்களுதும் அதே வாரம்தான."

"ஆமா."

"அப்போ ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்து கேக்கறீங்க?"

மன்னிச்சுக்கோங்க என்று மட்டும் சொன்னான். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. வேலை கிடந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி வருடாந்திர அறிக்கையைப் புதிதாக எழுதினான். தொண்ணூற்றேழு இருந்த இடத்தில் நூறு. 9.9 இருந்த இடத்தில் 10.2. அதிகாரியின் குறிப்புகள் என்ற பகுதியில், சூளைச் சந்தில் இரண்டு வாரத்தில் மூன்று குழந்தைகள் ஒரே நோயில் இறந்ததையும், சந்திலிருந்து சாணக் குவியல் எட்டு கஜ தூரத்தில் இருப்பதையும் இரண்டே வாக்கியத்தில் எழுதினான். எட்டு கஜத்தை அவனே நாடா பிடித்து அளந்தான். வெல்பரோவுக்கும் கடிதம் போட்டான்: ஐடா கார்பட் தவறுதலாகத் தங்களுக்கு அனுப்பப்பட்டாள், தயவுசெய்து திருப்பி அனுப்பவும்.

டாக்டர் ப்ரௌஸ் தன் வழக்கப்படி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வெளியே வெயில் அடித்தது, கோல்ஃபுக்கு ஆள் காத்திருந்தது. அன்று மாலைத் தபாலிலேயே எட்வின் அறிக்கையை லண்டனில் இருந்த அரசாங்க வாரியத்துக்கு அனுப்பிவிட்டான். உள்ளூர் அச்சகத்துக்கும் ஒரு பிரதி போனது.

குழு கூடிய அன்று அச்சான அறிக்கை எல்லார் கையிலும் இருந்தது. பிக்கர்டைக் முதல் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"கார்பட். பத்து புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கே."

"ஆமா, ஐயா."

"போன மாசம் ஒம்பது புள்ளி ஒம்பதுன்ன."

"ஆமா, ஐயா."

"அப்போ இந்த ஒரு மாசத்துல நீ ஒருத்தனாவே போன வருஷத்துல மூணு பேர சாகடிச்சிருக்க."

"அவங்க ஏற்கெனவே செத்தவங்கதான், ஐயா. நான் இருக்க எடம் கொடுத்தேன்."

"யாரு அந்த மூணு பேரு?"

எட்வின் எழுந்து நின்று சொன்னான். "டோரா ஸ்பிங்க், அஞ்சு மாசம். தாய் அஞ்சு வருஷமா இந்த ஊரு. இப்பவும் உங்க ஹோட்டல்ல தொவைக்கறாங்க. ஆர்தர், ஒம்பது மாசம். குடும்பம் மூணு குளிர்காலம் இந்த ஊரு. ஐடா கார்பட், ஏழு மாசம் பதினோரு நாள். அதுல மூணு வாரம் கழிச்சு மிச்சமெல்லாம் இந்த ஊரு."

டாக்டர் ப்ரௌஸ் தன் கையெழுத்தை, அது தன்னுடையதுதானா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பப் பெற முடியுமா என்று பிக்கர்டைக் கேட்டார். லண்டனிலிருந்து ரசீது வந்துவிட்டது என்றான் எட்வின்.

அடுத்த வாரமே அவனைச் சுகாதாரத்திலிருந்து கடற்கரை நாற்காலிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எத்தனை நாற்காலி வெளியே போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணுகிற வேலை. ரயில் நிலையங்களில் ஏற்கெனவே ஒட்டியிருந்த 9.9-இன் மேல் 10.2 என்று துண்டுத்தாள் ஒட்டினார்கள். மட்டமான பசை, முதல் மழையில் உரிந்துவிட்டது. அந்த வருஷம் வழக்கத்தைவிட நிறையப் பேர் வந்தார்கள். லண்டன் வாரியத்துக்கு எட்டு கஜம் என்ற வார்த்தை பிடிக்கவில்லை. மூன்று கடிதம் வந்தது. ஜூன் மாதம் சாணக் குவியலும் கொட்டகையும் ஊருக்கு வெளியே இரண்டு மைலுக்கு அப்பால் போயின. கழுதைகளின் ஆரோக்கியத்தை உத்தேசித்து இடம் மாற்றியதாகப் பிக்கர்டைக் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். கழுதைகள் தினமும் நாலு மைல் கூடுதலாக நடந்தன.

ஆனால் இதெல்லாம் அப்புறம் நடந்தது. குழு கூடிய அன்று சாயங்காலம் எட்வின் அறிக்கையில் ஒரு பிரதியைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். செலினா மேஜையைத் துடைத்துவிட்டு அதை விரித்தாள்.

"எங்க இருக்கா?"

எட்வின் நாலாவது அட்டவணையைக் காட்டினான். ஒரு வயதுக்குக் கீழ். கோடைக்கால வயிற்றுப்போக்கு. அந்தக் கட்டத்தில் 3 என்று இருந்தது.

செலினா குனிந்து பார்த்தாள். "பேரு இல்லையா?"

"பேரு போடமாட்டாங்க."

"இந்த மூணுல எது ஐடா?"

"அப்படித் தனியா இல்ல, செலினா. மூணு பேரும் சேர்ந்துதான் அது."

அவள் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"கூட இருக்கறது யாரு?"

"நோரா ஸ்பிங்கோட டோரா. அப்புறம் ஆர்தர்னு ஒரு பையன், எதிர் வரிசையில இருந்தாங்க."

"கொம்பு ஊதறவரு பையனா? சுருட்ட முடி?"

"அவன்தான்."

"அப்போ அவ தனியா இல்ல," என்றாள் செலினா. ஆகஸ்டிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். எட்வின் தொப்பியைத் தேடவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் அழுதான்.